லடாக் போகவிருந்த வண்டி

மலேசியாவின் ஈப்போவில் என் பணிக்காலம் முழுவதும் எனக்கு ஒரே வேலைதான். விபத்தில் சிக்கிய வண்டிகளைச் சுற்றி வந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. குழம்பில் உப்பு சரியா என்றுகூட வீட்டில் கேட்பதில்லை. அதனால் சென்னையிலிருந்து என் மனைவி மேரியின் தம்பி ஆரோக்கியம் போன் செய்து, "மாமா, ஒரு பழைய வண்டி வாங்கப்போறேன். நீங்க வந்து பாத்து சரின்னு சொன்னாதான் வாங்குவேன்" என்றபோது, எனக்கு உள்ளூர ஒரு நிமிர்வு வந்ததை மறைக்க விரும்பவில்லை. மேரிதான் கேட்டாள்: "சரின்னு சொன்னாதானா? வேணாம்னு சொன்னா?"

அந்தக் கேள்வியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மீனம்பாக்கத்தில் ஆரோக்கியம் ஆட்டோவோடு வந்து நின்றான். இத்தனை காலம் மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்தவன். கோடையில்தான் ஓய்வு பெற்றிருந்தான். வண்டி ஏறியதும் என் பயணம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. "ஏழு பேர் உக்காரலாம் மாமா. லாரிக்குப் போடுற அதே அடிச்சட்டம். மலையில விட்டா நேரா ஏறும்" என்றான். அவன் வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒரே மகள் கோயம்புத்தூரில் வாழ்கிறாள். மற்ற ஐந்து இடங்களில் யார் உட்காரப்போகிறார்கள் என்று கேட்டேன். "லக்கேஜ்" என்றான்.

"எங்க போறதுக்கு?"

"லடாக்குக்கு."

ஆட்டோ ஓட்டுநர் அதுவரை பொறுமையாக இருந்தவர், இதற்கு மேல் முடியாமல் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் எதிரே ஒரு மாநகரப் பேருந்து வந்துகொண்டிருந்தது. "எந்த வண்டி நைனா? அந்தப் பெரிய வண்டியா? வேணாம்பா. டீசல குடிச்சிக்கினே கெடக்கும். எங்க ஓனர்கிட்ட ஒண்ணு கீது. வாசல்ல நிக்குது, அவ்ளோதான்." ஈப்போவில் என் கருத்துக்குக் கட்டணம் வாங்கினேன். இங்கே மீட்டர் போடாத ஆட்டோவிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

மந்தைவெளியில் மெட்ரோ வேலைக்காகத் தெருவெல்லாம் தகரத் தடுப்பு. ஈப்போவில் ஒரு தெருவை ஒரு வாரம் அடைத்தால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்கள். இங்கே அந்தத் தகரத்திலேயே ஆணி அடித்து ஒருவர் பெல்ட் விற்றுக்கொண்டிருந்தார். ஆட்டோ அவரைச் சுற்றி, ஒரு மாட்டைச் சுற்றி, மேலே ரயில் போகும் தூண்களுக்கு அடியில் புகுந்து வீட்டு வாசலில் நின்றது.

ஆரோக்கியத்தின் மனைவி ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். அவளும் ஆசிரியைதான், கணக்கு. போன வருடம் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. நடையில் ஒரு பக்கம் லேசான சாய்வு இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அதைக் கவனித்தேன். சாய்வுகளைக் கவனிப்பது என் தொழில். கவனித்ததோடு சரி, இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வந்ததும் மறந்துபோனேன்.

சாப்பிடும்போது ஆரோக்கியம் சுவரில் மாட்டியிருந்த இந்தியப் படத்தில் வழியைக் காட்டினான். கணவாய்களின் பெயர்களை மேற்கிலிருந்து கிழக்காகச் சொன்னான். பிறகு கிழக்கிலிருந்து மேற்காகச் சொன்னான். அவன் நேரில் பார்த்த மிக உயரமான இடம் பரங்கிமலை. "இத்தன வருசமா பிள்ளைங்களுக்கு விரல்ல காட்டியே ஓட்டிட்டேன் மாமா. ஒரு தடவையாவது சக்கரத்துல போகணும்" என்றான். ஸ்டெல்லா எனக்கு இன்னொரு இடியாப்பம் வைத்தாள். வண்டிக்கு அவனுடைய ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதி போய்விடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை அபிராமபுரம் போனோம். வண்டிக்காரர் பெயர் வெங்கட்ராமன். வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். வாசலில் ஒரு பெரிய மேடுபோல் ஏதோ உறை போட்டு நின்றது. உறையின் மேல் வேப்பம்பழங்களும் காக்கை எச்சமும். அதைப் பார்த்ததும் ஆரோக்கியம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அவன் பள்ளிக்கு ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் இந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவானாம், இதைப் பார்ப்பதற்காகவே.

"வாங்கோ, உக்காருங்கோ. மொதல்ல காபி" என்றார் வெங்கட்ராமன். நான் வண்டியைப் பரிசோதிக்க வந்திருந்தேன். அதற்கு முன் அவர் எங்களைப் பரிசோதித்தார்.

"யார் ஓட்டப்போறா?"

"நான்தான் சார்" என்றான் ஆரோக்கியம், வகுப்பில் எழுந்து நிற்பவனைப்போல.

"ஹாரன் அதிகமா அடிப்பேளா?"

"இல்ல சார்."

"கிளட்ச் மேலயே கால வெச்சிண்டு ஓட்டற பழக்கம் உண்டா?"

"இல்ல சார்."

"எங்க போறதா உத்தேசம்?"

ஆரோக்கியம் லடாக் என்றான். பிறகு கணவாய்கள். வெங்கட்ராமன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் முகம் இளகிவிட்டது. "நான் பெங்களூர் தாண்டினதில்ல" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "அவா கேட்டா உடனே குடுத்து அனுப்புங்கோ. அந்த எடத்துல துணி காயப்போடணும் நேக்கு."

உறையை விலக்கினோம். பிறந்து பதினைந்து வருடம் ஆகப்போகும் வண்டி. ஆகிவிட்டால் மறுபதிவு, மறுபரிசோதனை என்று அலைய வேண்டும். ஆனால் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நான் சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு தரையில் பழைய செய்தித்தாளை விரித்து அடியில் போனேன். லாரியைப்போல இரண்டு தடித்த இரும்புச் சட்டங்கள் முன்னிருந்து பின்வரை ஓடின. பின்னால் லாரியைப்போலவே பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங். கடற்காற்றில் குறுக்குச் சட்டங்களில் துரு பூத்திருந்தது. சுத்தியலால் தட்டினேன். துரு உதிர்ந்தது, இரும்பு கணீர் என்றது. வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன், இருக்கைகளுக்கு அடியில் இருக்கும் மின் இணைப்புகளை முகர்ந்து பார்த்தேன். இல்லை. எஞ்சின் முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டு இருமியது, பிறகு சீரானது. ஓடாமல் நின்றே டயர்களில் வெடிப்பு விழுந்திருந்தது. அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கடைசி வரிசையில் கொலுப்படிப் பலகைகள் அடுக்கியிருந்தன. "அதெல்லாம் எடுத்துடறோம்" என்றார் வெங்கட்ராமன். பலகைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். எதிரும் புதிருமாக இரண்டு குட்டி இருக்கைகள். அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். ஏழு பேர் உட்காரலாம் என்பது உண்மை. உட்கார்ந்த பிறகு அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்குமா என்பது வேறு.

வெங்கட்ராமனுக்கு எங்களைப் பிடித்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சுண்டு ஓட்டிப் பாருங்கோ" என்று சாவியைக் கொடுத்தார். எங்கள் ஊரில் விற்பவர்கள் தெருமுனைவரை ஓட்டவிடுவார்கள், அதற்கும் கூடவே ஏறி உட்காருவார்கள். இவர் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற தகப்பன்போல நின்றார். அவர் மனைவி பின்னாலிருந்து கொடிக்கயிற்றோடு வந்துகொண்டிருந்தார்.

சனிக்கிழமை தி.நகரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுவதாக ஏற்பாடு. ஸ்டெல்லாவும் வந்தாள். வீட்டு வாசலில் ஆரோக்கியம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, அவள் முழங்கையைப் பிடித்து நடுவரிசையில் ஏற்றினான். "பழகிடும்" என்றான். அவள் உள்ளே போய் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, வெளியே பார்த்தாள். ஸ்டூல் வாசலிலேயே கிடந்தது.

மெக்கானிக் தாஸ் நல்ல மனிதர், ஆனால் நோயாளியின் சொந்தக்காரர்களை வருத்தப்பட விடாத டாக்டர் வகை. துருவைக் காட்டினேன். "அது இன்னா சார், மேலாக்க கீது. பிரஷ்ஷ போட்டு பெயிண்ட்டு அட்ச்சா பூடும்." டயரைக் காட்டினேன். "ஓடிக்கினே இருந்தா சரியாப்பூடும்." டயரில் வெடிப்பு ஓடினால் எப்படிச் சரியாகும் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "சார் ஃபாரினா?"

திரும்பும்போது ஆரோக்கியம் உஸ்மான் ரோட்டைத் தேர்ந்தெடுத்தான். சனிக்கிழமை முற்பகலில் யாரும் செய்யாத காரியம். ஒரு குறுகலான வளைவில் வண்டி திரும்பவில்லை. பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, மறுபடி பின்னால் எடுத்தபோது ஒரு தள்ளுவண்டி கொய்யாப்பழங்கள் உருண்டன. வளையல் விற்கும் பெண், போக்குவரத்துக் காவலர், துணிக்கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடும் இளைஞர் என்று எல்லோரும் எங்களை வழிநடத்தினார்கள். ஒவ்வொருவரும் ஒரு திசையில். "ஒட்ச்சி எடுப்பா! இன்னும் ஒடி! இது இன்னா காரா, கண்டெய்னரா?" பின்னால் நின்ற ஆட்டோக்கள் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஆரோக்கியத்தின் காது சிவந்துவிட்டது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். "பாத்தீங்களா மாமா, எவ்ளோ உயரத்துல இருக்கோம்! எல்லார் தலையும் தெரியுது."

ஒரு ஜவுளிக்கடை அருகே கொஞ்சம் இடம் கிடைத்தது. "ரவிக்கைத் துணி எடுக்கணும்னியே, இறங்கிப் போய் எடு" என்றான் ஸ்டெல்லாவிடம்.

"எனக்கு ஒண்ணும் வாங்க வேணாம்" என்றாள்.

தி.நகருக்கு வந்த ஒரு பெண், சனிக்கிழமை, கடை வாசலில், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்கிறாள். ஆரோக்கியமும் நானும் அதில் எந்தக் கோளாறையும் காணவில்லை. நான் அப்போது கிளட்ச்சிலிருந்து வந்த வாசனையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்று பாலவாக்கம் கிளம்பினோம். அடையாறு தாண்டியதும் வண்டிக்கு உயிர் வந்தது. நேர்ச்சாலையில் அது அழகாகத்தான் ஓடியது. வேகத்தடை வந்தால் மட்டும் பின்பக்கம் முதலில் எழும்பி, யோசித்து, பிறகு இறங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஸ்டெல்லா ஒரு கையால் மேல் கைப்பிடியையும் இன்னொரு கையால் இருக்கையின் விளிம்பையும் பிடித்துக்கொண்டாள். உதட்டைக் கடித்திருந்தாள்.

பாலவாக்கத்தில் கடற்கரைக்குப் போகும் சந்தில் நிறுத்தினோம். ஆரோக்கியம் மிளகாய் பஜ்ஜி வாங்கப் போனான். பஜ்ஜிக்காரரிடமும் வண்டியைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் டீ வாங்கி, ஒன்றை ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். அவள் இறங்கவில்லை, டீயையும் வாங்கவில்லை.

"வேணாம் அண்ணா."

"காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கலயேம்மா நீ?"

"குடிச்சா இறங்கணும். இறங்கினா திரும்ப ஏறணுமே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் டீயோடு வண்டியின் ஏறுபடியைப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு ஆணியையும் பார்த்தவன் நான். தரையிலிருந்து அது எவ்வளவு உயரம் என்று பார்க்கவில்லை. அது என் முழங்காலைத் தாண்டியிருந்தது. ஸ்டெல்லாவுக்குத் தொடைவரை வரும்.

"வலிக்குதா?"

"ஏறும்போது உயிர் போகுது. குலுங்கும்போது திரும்ப வருது, திரும்பப் போகுது." பஜ்ஜிக் கடைப் பக்கம் பார்த்தாள். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க. இந்த வயசுல ஒரு ஆசை வந்திருக்கு அவருக்கு. எனக்காக அதயும் விட்டாருன்னு இருக்க வேணாம்."

"பின்ன லடாக் வரைக்கும் எப்படிம்மா போவ?"

"டாக்டர்கிட்ட ஊசி கேட்டிருக்கேன்" என்றாள், பால் கார்டு வாங்கி வைத்திருக்கிறேன் என்பதுபோல.

ஆரோக்கியம் பஜ்ஜியோடு வந்தான். "என்ன மாமா, என்ன சொல்லுது உங்க பரிசோதனை?" நான் துரு, டயர், கிளட்ச் என்று இழுத்தேன். "அதெல்லாம் மாத்திக்கலாம்ல?" என்றான். மாற்றிக்கொள்ளலாம். எஞ்சின் கெட்டுவிட்டது என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். தொழிலில் எத்தனையோ பேர் என்னைப் பொய் எழுதச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள், எழுதியதில்லை. இப்போது யாருமே கேட்காமல் எழுதத் தோன்றியது. ஆனால் அந்த எஞ்சின் உண்மையிலேயே நல்ல எஞ்சின். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். கடலைப் பார்த்துக்கொண்டு பஜ்ஜியைத் தின்றேன். காரம் கண்ணில் நீரை வரவழைத்தது, அது வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு வண்டியில்தான் போக வேண்டும் என்று ஆரோக்கியத்துக்கு ஆசை. நடந்தே போகக்கூடிய தூரம். ஸ்டெல்லா நடந்து வருவதாகச் சொன்னாள், அவன் கேட்கவில்லை. வாசலில் ஸ்டூலைப் போட்டு ஏற்றினான். அவன் வெள்ளைச் சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. இந்த முறையும் ஸ்டூல் வாசலிலேயே நின்றது.

பங்குக் கோயில் வளாகத்தில் வண்டி நுழைந்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. அவனுடைய பழைய மாணவர்கள், பாடகர் குழுவினர், பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "சார், செம வண்டி சார்!" "வாங்கிட்டீங்களா சார்?" ஆரோக்கியம் இறங்கி, சுற்றி வந்து, பெருமையோடு நடுக்கதவைத் திறந்தான். ஸ்டெல்லா காலைத் தரைப்பக்கம் நீட்டினாள். தரை கிடைக்கவில்லை. காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"சேர் கொண்டாங்கப்பா" என்றார் ஒருவர். "சேர் வழுக்கும். ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் புடிச்சா தூக்கி இறக்கிடலாம்" என்றார் இன்னொருவர். "டீச்சர், பயப்படாதீங்க, தோள்ல கைய போடுங்க." நல்லெண்ணம் கொண்ட கைகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் நீண்டன.

"யாரும் என்னத் தொட வேணாம்" என்றாள் ஸ்டெல்லா. சத்தமாகச் சொல்லவில்லை. கணக்கு வகுப்பில் அப்படிச் சொல்லியிருந்தால் மின்விசிறிகூட நின்றிருக்கும். நீண்ட கைகள் திரும்பிப் போயின. கணவனைப் பார்த்தாள். "நீங்க உள்ள போங்க. நான் இங்கேர்ந்தே பூசை பாத்துக்கிறேன்."

"ஸ்டெல்லா, எல்லாரும் பாக்கறாங்க..."

"அதான் சொல்றேன். போங்க."

மணி அடித்தது. கூட்டம் உள்ளே போனது. ஆரோக்கியம் தயங்கி, நின்று, கடைசியில் போனான். நான் வாசலுக்கும் வண்டிக்கும் நடுவில், ஒரு வேப்பமரத்தின்கீழ் நின்றேன். எந்தப் பக்கத்துக்கு ஆள் என்று எனக்கே தெரியவில்லை. ஜன்னல் வழியே ஸ்டெல்லாவின் முகம் தெரிந்தது. நேராக உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் வந்த செபங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டும் இருந்தாள்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியபோது ஆரோக்கியம் பக்கவாட்டு வாசலால் வெளியே வந்தான். என்னைக் கடந்து போனபோது பார்க்கவில்லை. வண்டியின் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னிருக்கையில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடி இறக்கியிருந்ததால் பேசியது எனக்குக் கேட்டது. விலகிப் போயிருக்கலாம். போகவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்பக் கேட்டீங்க?"

அவன் சட்டை மடிப்பை நீவிவிட்டான். பிறகு, "ஸ்டூல் போட்டா சரியாப்போயிடும்னு நெனச்சேன்" என்றான்.

"நீங்க பதினெட்டாயிரம் அடி ஏறப்போறோம்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நான் இந்த ரெண்டு அடிய நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

உள்ளே பாட்டு முடிந்தது. அவன் முன்னிருக்கையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் தோள்கள் தளர்ந்திருந்தன. "சரி, விடு. எனக்கு எதுக்கு மலை. மேப்புல பாத்தது போதும்" என்றான்.

இதற்குத்தான் அவள் பயந்திருந்தாள். சட்டென்று திரும்பினாள். "பாத்தீங்களா? இதுக்குத்தான் வாயத் தொறக்கல. நான் வரலன்னு எப்பச் சொன்னேன்? இதுல வரலன்னு சொல்றேன். மலைக்கும் இந்த வண்டிக்கும் என்ன சம்பந்தம்? மலை இத வாங்கித்தான் வரச் சொல்லுச்சா?"

ஆரோக்கியம் அவளைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். அது அழுகையோடு கலந்த சிரிப்பு. அவள் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

நற்கருணை நேரத்தில், உள்ளே வர முடியாதவர்களுக்காக ஒரு சிஸ்டர் அப்பப் பாத்திரத்தோடு வெளியே வந்தார். குள்ளமானவர். மரத்தடியில் நின்ற எனக்குக் கொடுத்துவிட்டு, நேராக வண்டியிடம் போனார். ஜன்னல் அவர் தலைக்கு மேலே இருந்தது. அவர் குதிகாலைத் தூக்கி, எக்கி, கையை நீட்டினார். ஸ்டெல்லா குனிந்து வாங்கிக்கொண்டாள். ஆரோக்கியம் அவளைத் தாண்டி வளைந்து வாங்கிக்கொண்டான். சிஸ்டர் குதிகாலை இறக்கி, மூச்சு வாங்கியபடி, "ரொம்ப ஒசரமான வண்டி சார்" என்றார். மூன்று நாளில் அந்த வண்டியைப் பற்றி வந்த மிகச் சரியான மதிப்பீடு அது.

பூசை முடிந்து கூட்டம் கலையும்வரை அவர்கள் வண்டிக்குள்ளேயே இருந்தார்கள். பிறகு ஆரோக்கியம் பாடகர் குழுவினர் ஏறி நின்று பாடும் அகலமான மரப்பலகை ஒன்றைத் தூக்கி வந்தான். பாடகர் குழுத் தலைவர் பின்னாலேயே வந்து, பலகைக்கு ஏதாவது ஆகுமா என்று கவலைப்பட்டார். ஸ்டெல்லா தன் வேகத்தில், பக்கவாட்டில் திரும்பி, அவன் தோளைப் பிடித்து இறங்கினாள். என் வேலை, பார்க்க வந்தவர்களை டீக்கடைப் பக்கம் திருப்பி அனுப்புவது. அதை ஒழுங்காகச் செய்தேன். வீட்டுக்கு அவர்கள் நடந்து போனார்கள். வண்டியை நான் ஓட்டி வந்தேன். காலியாகப் போகும்போது அது இன்னும் நன்றாக ஓடியது.

அன்று மத்தியானம் மட்டன் குழம்பும் வஞ்சிரம் வறுவலும். ஆரோக்கியம் அதிகம் பேசவில்லை. ஸ்டெல்லா மூன்று டம்ளர் மோர் குடித்தாள்.

திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பிக் கொடுக்க அபிராமபுரம் போனோம். வண்டி நின்ற இடத்தில் புடவைகளும் வேட்டிகளும் காய்ந்துகொண்டிருந்தன. எங்கள் வண்டி உள்ளே திரும்பியதைப் பார்த்து அந்த அம்மாள் முகம் விழுந்துவிட்டது. துணிகளை எடுக்கத் தொடங்கினார்.

"எஞ்சின்ல ஏதாவது...?" என்றார் வெங்கட்ராமன்.

"எஞ்சின் அருமையா இருக்கு" என்றேன்.

"வேணும்னா வெலயக் கொறச்சுக்கலாம்..."

"அது இல்ல சார்" என்றான் ஆரோக்கியம். "என் வீட்டுக்காரங்களால ஏற முடியல."

வெங்கட்ராமன் அவனையே பார்த்தார். பிறகு துணி எடுத்துக்கொண்டிருந்த தன் மனைவியைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "எங்காத்துலயும் அதேதான். முட்டி. ஏறவே மாட்டேனுட்டா. அதான் வண்டி இப்படி நின்னுண்டு கெடக்கு."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லத்தான் இருந்தேன். நீங்க லடாக்னேளே" என்றார் அவர். "கேட்டுண்டே இருக்கணும்போல இருந்துது."

நாங்கள் மறுபடி காபி குடித்தோம். பிறகு வெங்கட்ராமனும் ஆரோக்கியமும் சேர்ந்து வண்டிக்கு உறை போட்டார்கள். ஒரு பக்கம் ஆரோக்கியம் இழுத்துக் கட்டினான். முடிச்சுப் போட அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

அன்று மாலை அடையாற்றில் பழைய கார்கள் விற்கும் ஓர் இடத்துக்கு ஸ்டெல்லா எங்களைக் கூட்டிப்போனாள். இப்போது பரிசோதனை அவளுடையது. அவள் எந்த வண்டியின் முன்மூடியையும் திறக்கச் சொல்லவில்லை. கதவைத் திறப்பாள், உட்காருவாள், எழுந்து இறங்குவாள், கதவை மூடுவாள். ஒன்று ரொம்பத் தாழ்வு. "உக்காந்துட்டா எழுப்ப கிரேன் வேணும்" என்றாள். ஒன்றில் கதவு போதிய அளவு திறக்கவில்லை. ஒன்றில் இருக்கை சரிந்திருந்தது. விற்பவர் மைலேஜ் பற்றியும் முதல் உரிமையாளர் டாக்டர் என்பது பற்றியும் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். "இருங்க தம்பி, நான் உக்காந்துக்கிட்டு இருக்கேன்ல?" என்றாள். ஆரோக்கியம் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தான்.

கடைசி வரிசையில் சாம்பல் நிறத்தில், கொஞ்சம் உயரமான கூரையோடு ஒரு சிறிய கார் நின்றது. பார்க்க அழகில்லை. முன்பம்பரில் கீறல். ஸ்டெல்லா கதவைத் திறந்தாள், பின்புறமாகத் திரும்பினாள், சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்காருவதைப்போல உட்கார்ந்தாள். இரண்டு கால்களையும் உள்ளே எடுத்து வைத்தாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

ஆரோக்கியம் என்னைப் பார்த்தான். நான் முன்மூடியைத் திறந்து, விற்பவரை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். எஞ்சின் தகரடப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் போட்டது. பின்னால் நீலப் புகை. ஈப்போவில் என்றால் அங்கேயே அப்போதே தேறாது என்று எழுதியிருப்பேன்.

"என்ன மாமா?" என்றான். குரலில் ஒரு கலக்கம்.

"எஞ்சின் மோசம்" என்றேன். "ஆனா எஞ்சின மாத்திக்கலாம்."

"லடாக் போகுமா?"

"ஏற்காடு போகும். அதுக்கப்புறம் பாக்கலாம்."

அவன் காருக்குள் குனிந்து, "ஏற்காடு கடல்மட்டத்துலேர்ந்து எவ்ளோ உயரம் தெரியுமா?" என்று ஆரம்பித்தான்.

"வழியில சொல்லுங்க" என்றாள் ஸ்டெல்லா. அவள் ஏற்கெனவே பெல்ட்டை இழுத்து மாட்டியிருந்தாள்.